பதினோரு வருஷம் பைப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். பிறகு டைப் படித்து, மற்றவர்கள் சொன்னதை அடித்தே முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துவிட்டேன். சொந்தமாக ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், பழக்கதோஷத்தில் கை 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஆரம்பிக்கிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டு அடுக்களைக் குழாய் ஒழுகியது. மேலகரத்திலிருந்து ஒரு தம்பி மொபெட்டில் வந்தார். பழைய குழாயைக் கழற்றினார், வெள்ளையாக ஒரு டேப்பை மரையில் நாலு சுற்றுச் சுற்றினார், புதிய குழாயை மாட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். எதிர்பார்த்த வாசனை வரவில்லை.

"சணல் சுத்தலையா தம்பி?"

"சணலா? எந்தக் காலத்துலம்மா இருக்கிய நீங்க?"

எந்தக் காலத்தில் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயது நடக்கும்போது, தென்காசியில் ஒரு தண்ணீர்க் குழாய் கான்ட்ராக்டரிடம் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். ஆபீஸ் என்றால் ஒரு நீளமான அறை. முன்னால் முதலாளியின் மேஜை, ஜன்னல் ஓரம் என் மெஷின், பின்பக்கம் முற்றத்தில் இரும்புக் குழாய்கள் அடுக்கு அடுக்காக. இணைப்பு ஒழுகாமல் இருக்க மரையில் சுற்றுகிற சணல் கட்டும், அதில் தடவுகிற வெள்ளை ஈயமும், ஆளிவிதை எண்ணெயும் கலந்து ஒரு வாசனை அந்த அறையில் எப்போதும் இருக்கும். வீட்டுக்குப் போனால் என் தாவணியிலும் இருக்கும். அம்மா, "உன்ன எவனும் பொண்ணு பாக்க வந்தா, கதவுக்கு வார்னிஷ் அடிச்சிருக்கான்னு கேக்கப் போறான்" என்பாள்.

நான் வேலைக்குப் போவதில் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. அவர் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர். கடைத்தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. "உன்னப் பத்தி ஒரு கொற எங்காதுல விழட்டும். மறுநாள் வீட்டோட இருந்துக்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கோ பேசவே வராது. முதலாளி கேட்டதற்குத் தலையை ஆட்டுவேன். அவரும் என் தலையைப் பார்த்துப் பதில் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டார். எங்கள் மூத்த ஃபிட்டர் பரமசிவம் அண்ணாச்சி, "டைப்பம்மாவுக்கு வாய் வெரல்ல இருக்குடே" என்று சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து ஆபீஸில் எனக்கு டைப்பம்மா என்றே பேர் விழுந்துவிட்டது.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசனுக்கு முன்னால் நிறைய பங்களாக்களில் குழாய் போடும் வேலை வந்தது. ஆள் போதவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தவன் என்றால் நேரத்துக்கு வருவான், எதிர்த்துப் பேசமாட்டான் என்று முதலாளிக்கு ஒரு நம்பிக்கை. "பைப் வேல தெரிஞ்ச பட்டாளத்துக்காரன் வேணும்னு ஒரு அட்டையில எழுது பிள்ள. ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில மாட்டிருவோம்" என்றார். அட்டை சிறியது. என் எழுத்து பெரியது. இடம் காணாமல், 'பைப் தெரிந்த பட்டாளத்தார் தேவை. குற்றாலம் பங்களாக்கள்' என்று எழுதி முடித்துவிட்டேன். 'வேலை' என்ற ஒரு வார்த்தைதான் விட்டுப்போனது. அது இல்லாமலும் அர்த்தம் வருகிறதே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் செல்லையா அண்ணாச்சி வந்தார். நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை. வாசலில் நின்ற நிலையிலேயே பட்டாளம் தெரிந்தது. டிஸ்சார்ஜ் தாளை என்னிடம் நீட்டினார். இங்கிலீஷ் தாளை நான்தான் பார்த்து முதலாளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நடத்தை, மிக மேலானது. வேலை என்ற இடத்தில், பைப்பர்.

அந்த வார்த்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பட்டாளத்து டைப்பிஸ்ட் சோம்பேறி, பைப் ஃபிட்டர் என்று முழுசாக அடிக்காமல் பாதியில் விட்டுவிட்டான் என்று நினைத்து, அவனுக்காக நானே வெட்கப்பட்டு, முதலாளிக்கான தாளில் 'பைப் ஃபிட்டர்' என்று திருத்தி எழுதினேன். அகராதி என் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "எத்தன வருஷம் வே?"

"பதினோரு வருஷம் பைப்பு, மொதலாளி."

"எங்கெங்க?"

"மொதல்ல பெங்களூரு. அப்பொறம் எகிப்து, இத்தாலி."

"இத்தாலியிலயா? அங்கன சண்டையில்லா நடந்திச்சு."

"சண்டையிலதான் மொதலாளி. குண்டு விழும்போதும் பைப்ப நிறுத்தல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். சாரல் விழுந்தால் வேலையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் எங்கள் ஃபிட்டர்கள். "கேட்டுக்கிட்டியளா? குண்டு விழும்போதும் நிறுத்தலயாம்" என்றார். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம், குற்றாலத்தில் வேலை முடித்துவிட்டுச் செல்லையா அண்ணாச்சி ஜன்னல் பக்கம் வந்து நின்றார். கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"டைப்பம்மா, ஒண்ணு கேக்கணும். நேத்தும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. வாத்தியத்த என்னைக்குக் கொண்டாரணும்?"

"என்ன வாத்தியம்?"

"பைப்புதான். அதுக்குத்தான எடுத்திருக்காவ? இன்னைக்கு ரெஞ்சக் கையில குடுத்துட்டாவ. சரி, சீசன் ஆரம்பிக்க முன்னால சும்மா இருக்கக் கூடாதுன்னு கை வேல குடுக்காவன்னு நெனச்சேன்."

குற்றாலத்துப் பங்களாக்களில் சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்களை வரவேற்று வாசிக்கத்தான் ஆள் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அட்டையில் அப்படித்தானே இருந்தது. ஸ்காட்லாந்து பட்டாளத்தில் தோளில் மூன்று குழல் நிற்க, கக்கத்தில் தோல்பையை இடுக்கி, காற்றடைத்து ஊதுவார்களே, அதுதான் அவர் பைப்பு. நம் நாட்டுப் பட்டாளங்களிலும் அதை வைத்திருந்தார்கள். அவர் பதினோரு வருஷம் ஊதியது அதை.

அகராதியை எடுத்துப் பார்த்தேன். பைப்பர் என்றால் குழல் ஊதுகிறவர் என்றே இருந்தது. அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். "யார்ட்டயும் சொல்லாதிய அண்ணாச்சி. எங்க அப்பா என்ன நிறுத்திருவாவ" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நான் ஆபீஸில் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவர் தன் உரிந்த முட்டியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் வீட்டுல மூணு பிள்ளைய தாயி. இதையும் ஊதுதது மாதிரி பழகிட்டா போச்சு. காத்துக்குப் பதிலா தண்ணி. அவ்வளவுதான வித்தியாசம்?" என்றார்.

நான் சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சொன்னது நிஜம். அந்த வாத்தியத்தில் குழலும் குழலும் சேருகிற இடத்தில் காற்றுக் கசியாமல் இருக்க, மெழுகு தடவிய சணல் நூலைத்தான் சுற்றுவார்களாம். ஒரு சுற்றுக் குறைந்தால் காற்றுப் போகும், ஒரு சுற்றுக் கூடினால் குழல் வெடிக்கும். பதினோரு வருஷம் தினமும் சணல் சுற்றிய விரல்கள் அவருக்கு. மரை போடுவதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். அவர் சுற்றிய இணைப்பில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. பரமசிவம் அண்ணாச்சியே குனிந்து பார்த்துவிட்டு, "என்னமோ பட்டு நூல் சுத்துத மாதிரியில்லா சுத்துதாரு" என்பார். அதில் பாராட்டும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. அந்த வேலைக்குத் தன் மைத்துனரைக் கொண்டுவர அவர் நினைத்திருந்தார்.

மத்தியானங்களில், சாப்பிட்டுவிட்டு வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில், செல்லையா அண்ணாச்சி என் ஜன்னலுக்கு வெளியே குழாய் அடுக்கின் மேல் உட்கார்ந்து பேசுவார். நான் உள்ளே டைப் அடித்துக்கொண்டே கேட்பேன். முகம் பார்க்காமல் கேட்பது எனக்கும் சௌகரியம். அந்த நாட்களில் அடித்த கடிதங்களில் பிழை அதிகம்.

அவர் பேச்செல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றித்தான். பேர் மேக் என்னமோ. "அந்தப் பட்டாளத்துல பாதிப் பேரு மேக்குதான் தாயி. ஒரு மேக்கக் கூப்பிட்டா ஒம்பது மேக்கு திரும்பிப் பாப்பான்." அதனால் இவர் அவரை மேக்கு வாத்தியார் என்றே சொல்லுவார். செம்மறி மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. பெங்களூர் முகாமில் நம் ஆட்களுக்குப் பை ஊதச் சொல்லிக்கொடுக்க வந்தவர். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்கள் ஊரில் பாட்டை வாயாலேயே சொல்லிக்கொடுக்கும் வழக்கம் உண்டாம். நம் மிருதங்க வாத்தியார்கள் சொல்கட்டு சொல்வதுபோல. "ஹின்தோ ஹோதிரோ ஹியாரின்னு சொல்லுவாரு. நான் திருப்பிச் சொல்லணும். சரியாச் சொன்னாத்தான் பையத் தொடலாம். நமக்கு எங்கன கஷ்டம்? கோயில் மேளம் கேட்ட காதுதான." குழாய் அடுக்கில் விரலால் தட்டிக்கொண்டு சொல்லிக் காட்டுவார். இரும்பு லேசாக முனகும்.

பிறகு இத்தாலியில் இரண்டு பேரின் பட்டாளமும் ஒரே பக்கம் நின்றது. ஒரு ஆற்றைக் கடக்க வேண்டும். எதிர்க்கரையிலிருந்து சுடுகிறார்கள். பனி வேறு, முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லை. மேக்கு வாத்தியார் துப்பாக்கி இல்லாமல், பையை மட்டும் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, நடுவில் ஒரு மணல்திட்டில் நின்று ஊதினாராம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நம் ஆட்களும் அவர் ஆட்களும் கரையேறினார்கள். கடைசி ஆள் ஏறுகிறவரை அவர் நிறுத்தவில்லை.

"அதுக்குள்ள கத்துக்கிட்ட அரைகுறை இங்கிலீஷுல, பயமா இல்லையான்னு கேட்டேன் தாயி. ஊதும்போது மூச்சே பத்த மாட்டேங்கு, பயப்படுததுக்கு மூச்சுக்கு எங்க போகன்னாரு."

அதற்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆற்றில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் பதக்கத்தைக் குத்திய பெரிய அதிகாரிக்கு, மீதி இருந்த விரல்களால் சலாம் வைத்தாராம். விரல் இல்லாமல் அந்தக் குழலை வாசிக்க முடியாது. மறுவாரம் செல்லையா அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் தன் வாத்தியத்தையே கொடுத்துவிட்டார். "வெரல் ஒங்கிட்ட இருக்கு, பை எங்கிட்ட இருக்கு, ஒண்ணுசேர வேண்டாமான்னு சைகையில கேட்டாரு. மாட்டேன்னு சொல்லத் தெரியல எனக்கு." கொடுத்ததோடு நிற்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே வாயால் சொல்லிக்கொடுத்தார், இவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாசித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையணையை எறிவார்களாம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று மாதத்தில் கற்ற பாட்டுகள்தான் தனக்குத் தெரிந்த நல்ல பாட்டுகள் என்பார். பதக்கத்தை அந்த மனிதர் என்ன செய்தார் என்று நான் கேட்டேன். அதன் ஊசியால், இவர் வாசிக்கும் குழலுக்குள் இருக்கும் சீவாளியைச் சுத்தம் செய்வார் என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், எனக்கும்தான்.

அந்தத் தோல்பை வறண்டு போகாமல் இருக்க, உள்ளே பாகு ஊற்றிப் பதப்படுத்த வேண்டும். ஸ்காட்லாந்தில் என்ன ஊற்றுவார்களோ, இவர் கருப்பட்டிப் பாகு ஊற்றினார். வீடெல்லாம் எறும்பு. "எம் பொஞ்சாதி சொல்லுதா, வெள்ளக்காரன் சம்பந்தம் நமக்கு எறும்புதான் குடுத்திருக்குன்னு."

தொல்லை எறும்போடு போயிருக்கலாம். வாத்தியத்தை வாசிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. தெருவில் வாசித்தால் பிள்ளைகள் கூடிவிடும், ஆபீஸுக்குத் தெரிந்துவிடும், எனக்குச் சிக்கல். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தருவிக்கு மேலே பாறைப் பக்கம் போய்விடுவார். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது அவர் கணக்கு. அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கத்தான் அந்த வாத்தியத்தையே செய்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார். குளிக்க வந்தவர்கள், காட்டில் ஏதோ மிருகம் கன்று போடுகிறது என்று பேசிக்கொண்டார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன பரமசிவம் அண்ணாச்சி, துண்டோடு பாறை ஏறிப் பார்த்துவிட்டார்.

"இது என்ன வே?"

"பைப்பு அண்ணாச்சி."

"இதா பைப்பு? பட்டாளத்துல இதத்தான் ஊதிக்கிட்டு இருந்தீரா?"

செல்லையா அண்ணாச்சிக்கு நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல வராது. ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியின் மேஜைக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். பரமசிவம் அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஃபிட்டருன்னு பொய் சொல்லி வேலையில சேந்திருக்காரு மொதலாளி. பட்டாளத்துல பீப்பி ஊதுனவரு. நாளைக்கு ஒரு பங்களாவுல பைப்பு வெடிச்சா யாரு பதில் சொல்லுதது?"

முதலாளி செல்லையா அண்ணாச்சியைப் பார்த்தார். "நெசமா வே? பொய் சொன்னீரா?"

அவர் நிமிர்ந்து நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு எம்மேலயே இருக்கட்டும் மொதலாளி" என்றார்.

டிஸ்சார்ஜ் தாளில் 'மிக மேலானது' என்று எழுதி வாங்கியவர். ஒரு குட்டி டைப்பிஸ்டுக்காக அத்தனை பேர் முன்னால் பொய்யன் என்று பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறார். அந்த வேலை போனால் மூன்று பிள்ளைகளுக்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மெஷினில் தாளைச் சொருகி அடிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த அமைதியில் கட கடவென்று என் மெஷின் மட்டும் ஓடுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். 'ஐயா, கீழே கையெழுத்திட்டவளாகிய நான்' என்று ஆரம்பித்து, அவர் பொய் சொல்லவில்லை, தாளைத் திருத்தியது நான், அட்டையைத் தவறாக எழுதியதும் நான் என்று நாலு வரி அடித்து, கையெழுத்துப் போட்டு, முதலாளியின் மேஜையில் வைத்தேன்.

எங்கள் மெஷின் இங்கிலீஷ் மெஷின். முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. பயத்தில் அது எனக்கு மறந்துபோய்விட்டது.

அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு என்னிடமே நீட்டினார். "வாசி பிள்ள. தமிழ்ல சொல்லு."

நான் வாசித்தேன். ஒரு வரி வாசித்து, ஒரு வரி தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அதில் இல்லாததையும் சொன்னேன். டிஸ்சார்ஜ் தாளில் பைப்பர் என்று சுத்தமாக எழுதியிருந்தது, அவர் உங்களிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, குண்டு விழும்போது நிறுத்தவில்லை என்பதும் உண்மை என்றேன். வேலைக்கு இறங்கிய முதல் நாளே அவர் வந்து கேட்டார், நான்தான் அழுது வாயை அடைத்தேன் என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "பரமசிவம், இவரு போட்ட ஜாயின்ட்டுல எது ஒழுகிச்சு?" என்று கேட்டார்.

பரமசிவம் அண்ணாச்சி முற்றத்தைப் பார்த்தார். "ஒழுகலன்னு வைங்க" என்றார். பிடிக்காத ஆளைப் பற்றியும் வேலை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். அந்த நல்ல குணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"சரி, அவுக அவுக வேலையப் பாருங்க. நாளைக்குச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நானே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைத்தெருவில் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும் என்று தோன்றியது. ஆபீஸில் ஒரு தடவை திறந்த வாய், வீட்டிலும் திறந்துகொண்டது. அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "எல்லாருக்கும் முன்னால நின்னு நீயா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டப் போனவள், "ஆமா" என்றேன்.

இப்போது அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு பாத்திரக்கடை. இரும்புக் குழாய் யாரும் போடுவதில்லை. பிளாஸ்டிக்தான், பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். நாங்கள் தண்ணீர் கொண்டுபோன பங்களாக்களில் பாதியை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். முதலாளியும் பரமசிவம் அண்ணாச்சியும் இல்லை. செல்லையா அண்ணாச்சியும் போய்விட்டார். மேக்கு வாத்தியாரின் வாத்தியம் எந்தப் பிள்ளை வீட்டில் இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஐந்தருவியில் இப்போது சீசனில் ஒலிபெருக்கி வைத்து, வரிசையில் வரச் சொல்கிறார்கள். பாறைக்கு மேலே போக விடுவதில்லை.

அப்பாவிடம் சொன்னதற்கு மறுநாள் காலை, அவர் தடுக்கவில்லை, வழக்கம்போல ஆபீஸுக்குப் போனேன்; நாளைக்குச் சொல்வதாகச் சொன்ன முதலாளி அதைப் பற்றிப் பேசவே இல்லை. செல்லையா அண்ணாச்சியை இலஞ்சியில் ஒரு வீட்டுக்குக் குழாய் போட அனுப்பினார். எனக்கு அடிப்பதற்கு நாலு கடிதம் இருந்தது.